மேடு ஏற மறுத்த சக்கரம்

1864 அக்டோபர் 5, புதன்கிழமை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அல்லட்டூனா என்ற சிற்றூரின் மலைமுகட்டில் பொழுது விடிந்ததுமே பீரங்கிகள் முழங்கத் தொடங்கின. பிற்பகலில் ஓய்ந்துவிட்டன. இடைப்பட்ட சில மணி நேரத்தில், இரு தரப்பிலும் சேர்த்துச் சுமார் 5,300 பேர் மோதியதில் ஏறத்தாழ 1,600 பேர் செத்தோ, காயப்பட்டோ, பிடிபட்டோ போனார்கள். பத்துப் பேரில் மூவர். அமெரிக்க உள்நாட்டுப் போரின் வரலாற்றில் இது சிறிய சண்டைதான். அதற்கு முந்தைய ஆண்டு கெட்டிஸ்பர்க்கில் மூன்றே நாளில், இதே கணக்கில், சுமார் 50,000 பேரை வாரிக்கொண்டுபோன போர் அது. ஆனாலும் அல்லட்டூனாவை நினைக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி எழும். ஏன் அந்த இடம்?

அங்கே நகரம் இல்லை, துறைமுகம் இல்லை. சில வீடுகள், சில கிடங்குகள், மலையைப் பிளந்துகொண்டு போகும் ஒற்றை ரயில் பாதை, அவ்வளவுதான். ஐயாயிரம் மனிதர்கள் ஒருவரையொருவர் கொல்லும் அளவுக்கு அந்த மலைப்பிளவில் என்ன இருந்தது? போர் வரலாற்று நூல்கள் தளபதிகளின் திட்டங்களைச் சொல்லும். அதற்கும் அடியில் ஒரு பதில் இருக்கிறது. அது இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மேல் உருளும் விதத்தில் இருக்கிறது.

கழுதை தின்னும் கணக்கு

போரின் நான்காம் ஆண்டு அது. அடிமை முறையைக் காக்க 1860–61இல் பிரிந்துபோன தென்மாநிலங்களை எதிர்த்து வடக்கின் தளபதி வில்லியம் ஷெர்மன் 1864 மே மாதம் ஜார்ஜியாவுக்குள் இறங்கினார். அவரிடம் இருந்தவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர், விலங்குகள் 35,000. செப்டம்பர் 2 அன்று அட்லாண்டா நகரம் அவர் கைக்கு வந்தது. அந்தப் பெரும்படை தின்ற ரொட்டியும், குதிரைகள் மென்ற தீவனமும், வீரர்கள் சுட்ட தோட்டாவும் பெரும்பாலும் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரிலிருந்து ஒற்றை ரயில் பாதை வழியாக வந்தன. லூயிவில்லிலிருந்து நாஷ்வில், அங்கிருந்து சாட்டனூகா, அங்கிருந்து அட்லாண்டா. மொத்தம் 473 மைல், அதாவது ஏறத்தாழ 760 கிலோமீட்டர்.

போர் முடிந்தபின் ஷெர்மன் தன் நினைவுக் குறிப்புகளில் ஒரு கணக்கைப் போட்டார். இந்தப் பாதை 196 நாள் தன் படைக்குச் சோறு போட்டது. இதே வேலையை வண்டிச்சாலையில் செய்திருந்தால், ஆறு கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டிகள் 36,800 தேவைப்பட்டிருக்கும் என்று எழுதினார். ஒரு வண்டிக்கு இரண்டு டன் சுமை, ஒரு நாளைக்கு 20 மைல் நடை என்று எடுத்துக்கொண்ட கணக்கு அது. கழுதைகளின் எண்ணிக்கை மட்டும் இரண்டு லட்சத்தைத் தாண்டுகிறது. அந்நாட்டுச் சாலைகளில் இது நடக்கவே முடியாத காரியம் என்று அவரே முடித்தார்.

அவர் சொல்லாமல் விட்ட ஒன்றை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். வேலை செய்யும் கோவேறு கழுதைக்கு ஒரு நாளைக்கு வைக்கோலும் தானியமுமாகச் சுமார் 10 கிலோ தீவனம் வேண்டும். ஆறு கழுதைகளுக்கு 60 கிலோ. 473 மைல் போய்ச்சேர 24 நாள். போகும் வழியிலேயே 1,440 கிலோ தீர்ந்துவிடும். வண்டியில் ஏற்றியதே 1,800 கிலோதான். படைவீரன் கைக்குப் போய்ச்சேர்வது 360 கிலோ. திரும்பி வரும் வழியில் அந்தக் கழுதைகள் தின்ன இன்னும் 1,440 கிலோ வேண்டும். வழியில் மேய்ச்சலோ கொள்ளையோ கிடைக்காவிட்டால், அந்த வண்டி தன் கழுதைகளுக்கே கடன்பட்டுத் திரும்பும்.

நீராவி ரயில் வருவதற்கு முன் பெரும்படைகள் ஆற்றையோ கடலையோ விட்டு வெகுதூரம் உள்ளே போய் ஒரே இடத்தில் நெடுநாள் தங்கத் திணறியதற்கு முக்கியக் காரணம் இந்த எளிய பெருக்கல்தான். சுமப்பதே தின்றுகொண்டு வரும்போது தூரத்துக்கு ஓர் எல்லை விழுந்துவிடுகிறது. அந்த எல்லையை உடைத்தது ரயில்.

வழுக்கலின் கொடை

ரயிலால் எப்படி முடிந்தது? நீராவியின் வலிமை பாதிக் காரணம். மீதிப் பாதி சக்கரத்தின் அடியில் இருக்கிறது.

மண்சாலையில் உருளும் சக்கரம் ஒவ்வொரு கணமும் மண்ணை அமுக்கிக் குழி தோண்டுகிறது. அந்தக் குழியிலிருந்து தானே ஏறிக்கொண்டிருக்கிறது. இழுக்கும் விலங்கின் உழைப்பில் பெரும்பகுதி மண்ணை நசுக்குவதிலேயே வீணாகிறது. இரும்பு அப்படி நசுங்காது. சக்கரமும் தண்டவாளமும் தொடும் இடம் நம் கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிதாக இருக்காது. அதனால் உருளுவதற்கு எதிரான தடை மிகமிகக் குறைகிறது. மண்சாலையில் ஒரு டன் எடையை நகர்த்த 50 கிலோவுக்கும் மேலான இழுவிசை வேண்டும். சமதளத் தண்டவாளத்தில் அக்காலத்துப் பெட்டிகளுக்கே சுமார் 4 கிலோ போதும்.

ஆனால் இந்தக் கொடைக்கு ஒரு விலை உண்டு. தடை குறைவாக இருக்கும் இடத்தில் பிடிமானமும் குறைவு. இன்ஜின் தன் ஓட்டுசக்கரங்களின் மேல் அழுத்தும் எடையில் நான்கில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கே இழுக்க முடியும். அதற்கு மேல் முயன்றால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும்.

அக்காலத்து இன்ஜின் ஒன்றின் இழுவிசை 3,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சமதளத்தில் டன்னுக்கு 4 கிலோ வீதம் அது 750 டன் எடையை நகர்த்தும். பாதை 100 அடிக்கு ஓர் அடி உயர்ந்தால், புவியீர்ப்புக்காக டன்னுக்கு இன்னும் 10 கிலோ கூடுகிறது. நடந்து போகிறவன் கண்ணுக்கு அது மேடாகவே தெரியாது. இன்ஜினுக்கோ 750 டன் என்பது 214 டன்னாகச் சுருங்கிவிடும். 20 அடிக்கு ஓர் அடி உயரும் மேட்டில் மிஞ்சுவது 55 டன். அதில் இன்ஜினும் அதன் விறகு, தண்ணீர் வண்டியுமே பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். சரக்குக்கு இடமே இருக்காது. மாட்டுவண்டி மூச்சு வாங்கியாவது ஏறிவிடும் மேட்டில் ரயில் தோற்றுப்போகிறது.

ஆக, மேடு எதிர்ப்பட்டால் ரயில் பாதைக்கு மூன்று வழிகள்தாம்: சுற்றிப் போக வேண்டும், குடைய வேண்டும், அல்லது பிளக்க வேண்டும். பள்ளம் எதிர்ப்பட்டால் பாலம் கட்ட வேண்டும். சாலை நிலத்தின் மேல் படுத்துக் கிடக்கும். ரயில் பாதைக்கோ நிலத்தைத் தனக்கேற்ப வளைத்தால்தான் உயிர். அப்படி வளைக்கப்பட்ட இடங்கள் ஒரு பாதையில் சிலவே இருக்கும். ஆனால் பாதை முழுவதும் அவற்றை நம்பியே நிற்கும்.

மலையைப் பிளந்தவர்கள்

சாட்டனூகாவையும் அட்லாண்டாவையும் இணைத்த பாதையின் பெயர் வெஸ்டர்ன் அண்ட் அட்லாண்டிக் ரயில்ரோடு. ஜார்ஜியா அரசே தன் பணத்தில் போட்ட பாதை. 1836இல் சட்டம் இயற்றி, பொறியாளர் ஸ்டீஃபன் ஹாரிமன் லாங் தலைமையில் அளந்து வழி குறித்தார்கள். அந்தப் பாதை தெற்கில் முடியும் புள்ளியில் ஊரே இல்லை. பாதை முடிகிற இடம் என்பதாலேயே குடியேற்றம் உண்டாகி, அதுவே பின்னர் அட்லாண்டா நகரம் ஆனது.

பாதை போன நிலம் செரோக்கி மக்களுடையது. அளவைக்காரர்கள் அங்கே முளையடித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், 1838இல், அந்த மக்களை ராணுவம் வீடுகளிலிருந்து பெயர்த்து மேற்கே துரத்தியது. ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே மாண்டார்கள். தென்மாநில ரயில் பாதைகளின் பெரும்பகுதியை வெட்டியவை அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்களின் கைகள். பொறியியல் சாதனை என்று இந்தப் பாதையை வியக்கும்போது, இந்த இரண்டையும் சேர்த்தே நினைக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

எட்டோவா ஆற்றுக்குத் தெற்கே அல்லட்டூனா மலைத்தொடர் குறுக்கிட்டது. பொறியாளர்கள் முகட்டை நேராகப் பிளந்தார்கள். சுமார் 175 அடி ஆழம். பதினைந்து மாடிக் கட்டடம் ஒன்றை உள்ளே நிறுத்திவிடலாம். டைனமைட் வந்தது 1867இல்தான். ஆகவே உளியும் சம்மட்டியும் கொண்டு பாறையில் துளை போட்டு, கரிமருந்தை இடித்து நிரப்பி, திரி வைத்து வெடித்து, சிதறிய கல்லைக் கூடையிலும் வண்டியிலும் அள்ளிக் கொட்டினார்கள். இப்படி வெட்டி முடித்த பிளவின் வழியே ஒரே ஒரு இணைத் தண்டவாளம் ஓடியது.

இளம் லெஃப்டினென்டாக இருந்தபோது, 1844இல், ஷெர்மன் இந்தப் பகுதியைக் குதிரையில் சுற்றிப் பார்த்திருந்தார். இருபது ஆண்டு கழித்துப் படையோடு வந்தபோது அந்த நினைவு கைகொடுத்தது. தெற்குப் படை இந்தக் கணவாயில் அரண் அமைத்துக் காத்திருந்தபோது, நேராக மோதினால் அழிவுதான் என்று தெரிந்து, மேற்கே சுற்றிக்கொண்டு போனார். எதிரி இடத்தைக் காலி செய்யவேண்டி வந்தது. பிறகு அதே கணவாயைத் தன் சேமிப்புக் கிடங்காக்கினார். அக்டோபர் தொடக்கத்தில் அங்கே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ரொட்டிப் பங்குகள் குவிந்திருந்தன. பிளவின் இரு கரைகளிலும் மண்கோட்டைகள் எழும்பின. ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போக, உயரத்தில் மரத்தாலான ஒரு நடைபாலம்.

வானத்தில் எழுதிய செய்தி

அட்லாண்டாவை இழந்த தெற்குத் தளபதி ஜான் பெல் ஹூட், ஷெர்மனின் முகத்தை விட்டுவிட்டு வயிற்றைக் குறிவைத்தார். தன் படையோடு வடக்கே சுற்றிப்போய் ரயில் பாதையில் விழுந்தார். பிக் ஷான்டி என்ற நிலையத்தைச் சுற்றித் தண்டவாளங்கள் பிடுங்கப்பட்டன. சாமுவேல் ஃபிரெஞ்ச் என்ற தளபதிக்கு ஹூட் ஓர் ஆணை கொடுத்தார்: அல்லட்டூனா மலைப்பிளவை மரம், புதர், தண்டவாளம், மண் என்று கிடைத்ததைப் போட்டு நிரப்பு, எட்டோவா ஆற்றுப் பாலத்தைக் கொளுத்து. எவ்வளவு கூர்மையான ஆணை என்று பாருங்கள். 473 மைலில் எங்கே அடித்தால் வலிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

தண்டவாளத்தோடு தந்திக் கம்பியும் போயிற்று. கம்பி எப்போதும் பாதையை ஒட்டியே ஓடியதால், ஒன்றை அறுத்தவனுக்கு மற்றதும் இலவசமாகக் கிடைத்தது. அல்லட்டூனாவில் லெஃப்டினென்ட் கர்னல் ஜான் டூர்டெலாட் தலைமையில் ஆயிரத்துக்கும் குறைவானவர்களே இருந்தார்கள். அவர்களுக்குத் துணை போக வேண்டியவர் வடமேற்கே ரோம் என்ற ஊரில் இருந்த தளபதி ஜான் கோர்ஸ். அவருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். இடையில் எதிரிப் படை நிற்கிறது.

ஷெர்மனின் ஆட்கள் கென்னசா மலை உச்சியிலிருந்து கொடி அசைத்தார்கள்.

அந்தக் கொடிமொழியை உருவாக்கியவர் ஆல்பர்ட் மையர் என்ற மருத்துவர். மாணவராக இருக்கும்போதே தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தவர். காது கேளாதோருக்கான சைகை மொழி பற்றித் தன் மருத்துவப் பட்ட ஆய்வை எழுதியவர். இரண்டையும் இணைத்து 1850களில் ராணுவத்துக்கு ஒரு முறையை வகுத்தார். பகலில் ஒற்றைக் கொடி, இரவில் ஒற்றைத் தீவட்டி. ஒரு பக்கம் சாய்த்தால் ஒன்று, மறுபக்கம் சாய்த்தால் இரண்டு, முன்னால் தாழ்த்தினால் சொல் முடிந்தது. ஒன்றும் இரண்டுமான சிறு வரிசைகள்தாம் எழுத்துகள். இன்று கணினி வெறும் இரண்டு குறிகளால் உலகத்தையே எழுதுகிறது; அதே எண்ணம் அன்று ஒரு சிப்பாயின் தோள்களில் இயங்கியது.

கென்னசா உச்சிக்கும் அல்லட்டூனாவுக்கும் நேர்க்கோட்டில் சுமார் 20 கிலோமீட்டர். இந்தத் தூரத்துக்குப் பூமியின் வளைவே ஒரு தடை: தரைமட்டத்தில் இருப்பவரை 20 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பார்க்க, குறைந்தது 31 மீட்டர் உயரத்தில் நின்றாக வேண்டும். கென்னசா தன்னைச் சுற்றிய நிலத்துக்கு மேல் 200 மீட்டர் எழும்பி நிற்பதால் அந்தத் தடை விலகியது. அடுத்தது கண்ணின் எல்லை. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கைவிடச் சிறிய கோணத்தை வெறும் கண்ணால் பிரித்தறிய முடியாது. நான்கடிக் கொடி 20 கிலோமீட்டருக்கு அப்பால் அந்த எல்லையிலும் ஐந்தில் ஒரு பங்குதான். 20 மடங்கு பெருக்கும் தொலைநோக்கி வைத்துப் பார்த்தால் நான்கு மடங்கு மேலே வந்துவிடுகிறது. கொடியின் வண்ணமோ உருவமோ தெளிவாகத் தெரியவேண்டியதில்லை. அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்தால் போதும். அசைவைக் கண்டுபிடிப்பதில் நம் கண் உருவத்தைக் காண்பதைவிட வல்லது. மையரின் முறை அதைப் பயன்படுத்திக்கொண்டது.

இப்படி எதிரிப் படையின் தலைக்கு மேலாகச் செய்தி பறந்தது. அல்லட்டூனாவிலிருந்து ரோமுக்கும் போனது. கோர்ஸ் கிடைத்த பெட்டிகளில் 1,054 பேரை ஏற்றிக்கொண்டு நள்ளிரவுக்குப் பின் சுமார் ஒரு மணிக்கு அல்லட்டூனாவில் இறங்கினார். மிச்சப் பேரைக் கொண்டுவரத் திரும்பிய ரயில் வழியில் தடம்புரண்டுவிட்டது. இருந்தவர்கள் ஏறத்தாழ 2,000 பேர். எதிரில் 3,000க்கும் மேல்.

காலையில் ஷெர்மன் கென்னசா உச்சிக்கு வந்தார். தூரத்தில் புகை தெரிந்தது. பீரங்கியின் மெல்லிய அதிர்வு கேட்டது. கோர்ஸ் போய்ச் சேர்ந்தாரா இல்லையா என்று தெரியவில்லை. கொடி அதிகாரி தொலைநோக்கியில் கண் பதித்திருந்தார். புகைக்கிடையே அரைகுறையாக ஒரு கொடியசைவு. நெடுநேரம் போராடி அவர் படித்தெடுத்தவை ஏழு எழுத்துகள்: சி, ஆர், எஸ், ஈ, எச், ஈ, ஆர். கோர்ஸ் இங்கே இருக்கிறார் என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் 11 எழுத்து வரும். நான்கு எழுத்துகளைப் புகை விழுங்கிவிட்டது. ஆனாலும் செய்தி முழுசாகப் புரிந்தது.

இந்த ஏழு எழுத்துகளைப் பற்றி நினைக்கும்போது எனக்கு இன்றும் சிலிர்ப்பு உண்டாகிறது. மொழி தேவைக்கு மேல் எழுத்துகளைச் செலவிடுகிறது. அந்த மிகுதியே பாதுகாப்பு. இதற்குக் கணித வடிவம் கொடுத்தவர் கிளாட் ஷானன், 1948இல். தகவல் கோட்பாடு என்று நாம் அழைக்கும் அந்த அறிவியல்தான் இன்று செயற்கைக்கோள் செய்தியையும் கைபேசிப் பேச்சையும் இரைச்சலிலிருந்து மீட்கிறது. ஷானன் பிறப்பதற்கு ஐம்பது ஆண்டுக்கும் முன்பே, ஒரு மலையுச்சியில், பெயர் அறிந்த ஓர் எதிர்பார்ப்பு விடுபட்ட எழுத்துகளை நிரப்பியது. கோர்ஸ் என்ற பெயருக்காக ஏங்கிக்கொண்டிருந்தவர் கண்ணுக்கே அது கோர்ஸ் என்று பட்டது.

பதினாறு தோட்டாக்கள்

சரணடையச் சொல்லி ஃபிரெஞ்ச் கடிதம் அனுப்பினார். வீணாக ரத்தம் சிந்த வேண்டாமே என்பது அதன் சாரம். அதற்கு நாங்கள் தயார் என்று கோர்ஸ் மறுத்தார். பத்து மணிக்கு மேல் மேற்கிலும் வடக்கிலும் இருந்து தாக்குதல் தொடங்கியது. மிசௌரி, டெக்சஸ், மிசிசிப்பி மாநிலங்களின் வீரர்கள் மேடேறி வந்தார்கள்.

மேற்குச் சரிவின் வெளியரணைக் காத்தவர்களில் அயோவாவின் 39ஆம் படைப்பிரிவும் இல்லினாயின் 7ஆம் படைப்பிரிவும் இருந்தன. இல்லினாய்க்காரர்களின் கையில் ஹென்றி துப்பாக்கிகள். அரசாங்கம் கொடுத்தவை அல்ல அவை. மூன்று மாதச் சம்பளத்துக்கும் மேலான விலையை அவரவர் கையிலிருந்து போட்டு வாங்கியவை.

சாதாரண வீரனின் துப்பாக்கியில் ஒரு குண்டு போட, காகிதப் பொட்டலத்தைப் பல்லால் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, குண்டை வைத்து, நீண்ட கம்பியால் இடித்து, பின்பக்கத்தில் வெடிமூடி பொருத்த வேண்டும். தேர்ந்தவன் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவான். ஒவ்வொரு முறையும் உடலை நிமிர்த்தியாக வேண்டும். பெஞ்சமின் டைலர் ஹென்றி 1860இல் உரிமம் பெற்ற துப்பாக்கியோ குண்டு, மருந்து, வெடிமூடி மூன்றையும் ஒரே உலோகக் கூட்டில் அடைத்தது. சுத்தியல் கூட்டின் விளிம்பில் தட்டினால் அங்கே பூசிய கலவை வெடித்து மருந்தைப் பற்றவைக்கும். வெடிப்பின் அழுத்தத்தில் மென்மையான உலோகக்கூடு விரிந்து குழலின் பின்பக்கத்தை இறுக அடைத்துக்கொள்ளும். வாயு பின்னால் கசியாது. பின்பக்கத்திலிருந்து குண்டு போடும் துப்பாக்கிகளை வெகுகாலம் வதைத்த வாயுக்கசிவை இந்தச் சிறு கூடு தீர்த்தது. கைப்பிடியை ஒருமுறை முன்னும் பின்னும் இழுத்தால் காலிக் கூடு வெளியேறி அடுத்த தோட்டா உள்ளே வரும். மொத்தம் 16. படுத்துக்கொண்டே சுடலாம்.

அப்படியும் அந்த வெளியரண் வீழ்ந்தது. துப்பாக்கி முனைக் கத்தியாலும் கட்டையாலும் கல்லாலும் அடித்துக்கொண்டார்கள். எஞ்சியவர்கள் நட்சத்திர வடிவ மண்கோட்டைக்குள் பின்வாங்கினார்கள். ஆனால் அவர்கள் தாக்குப்பிடித்த இரண்டு மணி நேரம்தான் போரைத் தீர்மானித்தது. பீரங்கிக் குண்டு தீர்ந்தபோது, ஒரு வீரர் திறந்தவெளி நடைபாலத்தின் வழியாக மறுகரைக்கு ஓடி, தோட்டாமழைக்கு நடுவே குண்டுகளைச் சுமந்து வந்தார். கோர்ஸின் முகத்தில் தோட்டா உரசிச் சிறிது நேரம் நினைவிழந்தார்.

பிற்பகலில், வடக்குப் படை பாதையோரமாக வந்துகொண்டிருக்கிறது என்று தெற்கின் குதிரைப்படை ஃபிரெஞ்சுக்குச் சொல்லியனுப்பியது. தன் பின்வழி அடைபடும் என்று அஞ்சி அவர் விலகிப் போனார். உண்மையில் அன்று எந்தத் துணைப்படையும் அல்லட்டூனாவை எட்டவில்லை. மலைப்பிளவு நிரப்பப்படவில்லை, ரொட்டி எரியவில்லை, பாலமும் நின்றது. விலை: வடக்கில் 706 பேர், தெற்கில் சுமார் 900.

ஏழு நாளில் எழுந்த பாதை

பிடுங்கிய பாதை என்ன ஆயிற்று? ஷெர்மனின் குறிப்பின்படி 35,000 புதிய ஸ்லீப்பர் கட்டைகளும் ஆறு மைல் நீளத்துக்கு இரும்பும் தேவைப்பட்டன. 10,000 பேரை வரிசையாக நிறுத்தி மரம் வெட்டி, கட்டை செதுக்கி, பாதைப் படுகையைச் சீராக்கினார்கள். சாட்டனூகாவிலிருந்து டபிள்யூ. டபிள்யூ. ரைட் என்ற பொறியாளரின் பழுதுபார்க்கும் குழு தண்டவாளத்தோடும் ஆணியோடும் வந்தது. ஏறத்தாழ ஏழு நாளில் ரயில் ஓடியது. இதே ரயில்வே அணி அந்தக் கோடையில் சட்டஹூச்சி ஆற்றின் மேல் 780 அடி நீளமும் 92 அடி உயரமும் கொண்ட பாலத்தை நாலரை நாளில் எழுப்பியிருந்தது.

தெற்கால் அப்படிப் பழுது பார்க்க முடியவில்லை. புதிய தண்டவாளம் உருட்டும் தொழில் அங்கே போர்க்காலத்தில் ஏறக்குறைய நின்றேபோனது. அதனால்தான் ஷெர்மனின் ஆட்கள் தெற்கின் பாதைகளைப் பிடுங்கும்போது வெறுமனே கழற்றிப் போடவில்லை. ஸ்லீப்பர் கட்டைகளைக் குவித்துக் கொளுத்தி, அதன்மேல் தண்டவாளத்தின் நடுப்பகுதியைச் செஞ்சூடாக்கினார்கள். இரும்பு உருகச் சுமார் 1,500 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். ஆனால் அதில் பாதிச் சூட்டிலேயே அது வலுவின் பெரும்பகுதியை இழந்து இளகும். அப்போது மரத்தைச் சுற்றி வளைத்தார்கள். வளைத்ததை மறுபடி நிமிர்த்திவிடலாம் என்பதால், பொறியாளர் ஆர்லாண்டோ போ முறுக்குவதற்கென்றே ஒரு கொக்கியை வடிவமைத்தார். முறுக்கிய தண்டவாளத்தைச் சரிசெய்ய உருக்காலைக்கே அனுப்ப வேண்டும்.

கிடைத்ததும் விட்டதும்

சண்டை முடிந்த நான்காம் நாள், அக்டோபர் 9, ஷெர்மன் அல்லட்டூனாவிலேயே இருந்துகொண்டு தலைமைத் தளபதி கிராண்டுக்கு ஒரு தந்தி கொடுத்தார். இந்தப் பாதையை இனிக் காப்பது உடலளவில் முடியாத காரியம். காக்க முயன்றால் மாதம் ஆயிரம் பேரை இழப்போம், கண்ட பலன் இராது. பாதையை விட்டுவிட்டுக் கடலை நோக்கி நடக்க அனுமதியுங்கள். இதுதான் அவர் கேட்டது. காப்பாற்றப்பட்ட மலைப்பிளவின் பக்கத்திலிருந்தே அதைக் கைவிடும் யோசனை புறப்பட்டது.

நவம்பர் 12 அன்று வடக்கோடிருந்த தந்தித் தொடர்பு முடிந்தது. எட்டோவா ஆற்றிலிருந்து அட்லாண்டா வரையிலான தண்டவாளம் முற்றாக அழிக்கப்பட்டது. அல்லட்டூனா அதற்குள் வருகிறது. ஐந்தாறு வாரத்துக்கு முன் எந்தத் தண்டவாளத்துக்காக மனிதர்கள் கல்லால் அடித்துக்கொண்டு செத்தார்களோ, அதைக் காத்த படையே அழித்தது. பிறகு கோர்ஸின் பிரிவு உட்பட சுமார் 60,000 பேர் தென்கிழக்கே நடந்தார்கள்.

பாதையைக் கைவிட்டதால் அந்தப் படையின் பசி குறைந்துவிடவில்லை. 60,000 பேருக்கும் விலங்குகளுக்கும் அன்றாடம் தலைக்கு அதே அளவு உணவு வேண்டியிருந்தது. முன்பு 760 கிலோமீட்டர் தூரத்திலிருந்து உருண்டு வந்த ரொட்டிக்குப் பதிலாக, வழியோரக் குதிர்களும் கொட்டில்களும் திறக்கப்பட்டன. ஜார்ஜியாவின் குடியானவர்கள் குளிர்காலத்துக்குச் சேர்த்துவைத்த சோளமும் மாடும் போயின. அதே வழியில் ஆயிரக்கணக்கான அடிமைகள் தோட்டங்களை விட்டு வெளியேறி, விடுதலை தேடிப் படையின் பின்னால் நடந்தார்கள்.

இன்று அந்த மலைப்பிளவின் வழியே ரயில் போவதில்லை. எட்டோவா ஆற்றில் 1950இல் முடிந்த அணையின் நீர்த்தேக்கத்துக்காகப் பாதை வேறு பக்கம் மாற்றப்பட்டது. பிளவும் மண்கோட்டைகளும் ஒரு பூங்காவுக்குள் பாதுகாக்கப்படுகின்றன. யாரும் நடந்து பார்க்கலாம். பார்க்கப் போகிறவர்கள் வெற்றி தோல்வியோடு இன்னொன்றையும் எண்ணிப்பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். உராய்வைக் குறைத்து ஒரு லட்சம் பேருக்குச் சோறு கொண்டுவந்த அதே இயல்புதான், அந்தச் சோற்றையெல்லாம் ஒரே ஒரு பாறைப் பிளவின் வழியாகப் போகச் செய்தது. எண்ணெய்க் குழாய், கடலடிக் கம்பிவடம், கப்பல்கள் நெருக்கியடிக்கும் கால்வாய் என்று நாம் இன்று நம்பி வாழும் ஒவ்வொன்றிலும் இந்தச் சேர்க்கை இருக்கிறது. குறைந்த செலவில் நெடுந்தூரம் கொண்டுசெல்லும் எதுவும் எங்கோ ஓரிடத்தில் குறுகித்தான் ஆகவேண்டும். அந்தக் குறுகலைக் கட்டும்போதே அதற்கு மாற்றுவழியையும் கட்டிவைப்பது பொறியாளரின் கடமை. அல்லட்டூனாவில் மாற்றுவழி இல்லை. அந்த இல்லாமையை நிரப்ப, 1864 அக்டோபரின் ஒரு பகலில் 1,600 மனித உடல்கள் தேவைப்பட்டன.